குவெங்காவில் நான் சொன்ன சரி

எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு மலரில் எழுதுகிறவர்கள் டாக்டர்கள், என்ஜினியர்கள், ஊரில் கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டராக இருக்கிறேன். நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, பந்தி ஆரம்பித்ததும் பரிமாறப் போய்விடுவேன். வாளியோடு நிற்கிறவனை யாரும் மைக்கில் பேசக் கூப்பிட மாட்டார்கள். நடந்ததை நான் வீட்டில் சொன்னபோது என் மகள், "அப்பா, யூ ஷுட் ரைட் திஸ் டவுன்" என்றாள். "எனக்கு எழுத வராதும்மா" என்றேன். "யூ டோன்ட் டாக் ஐதர்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டில், மலைமேல் குவெங்கா என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். ஊருக்குள் நான்கு ஆறுகள் ஓடுகின்றன. அந்த ஊருக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். கேட்கிறவர்கள், "டூர் பேக்கேஜா?" என்கிறார்கள். இல்லை. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது.

அந்தக் குடும்பத்துத் தலைவர் எங்கள் ஹோட்டல் கிச்சனில் பதினோரு வருடம் என் பக்கத்தில் நின்றவர். பாத்திரம் கழுவத்தான் வந்தார். ஆறு மாதத்தில் வெங்காயம் நறுக்கினார். இரண்டு வருடத்தில், நான் வராத நாளில் தோசைக்கல்லில் நிற்க முதலாளி அவரைத்தான் விட்டார். நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த ஒரு சனிக்கிழமை, வாடிக்கையாளர் ஒருவர் கிச்சன் ஜன்னல்வரை வந்து, "மாஸ்டர் இன்னிக்கு ரவா தோசைய பின்னிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்தப் பாராட்டு முழுக்க அவருடையது.

அவருக்குத் தமிழ் பேசத் தெரியும். எங்கள் கிச்சனில் கற்றுக்கொண்ட தமிழ். "வா, போ, எடு, சீக்கிரம், கருகுது பாரு" என்று நாங்கள் அவரிடம் எப்படிப் பேசினோமோ, அதையே எங்களிடம் திருப்பிப் பேசுவார். அவருடைய தமிழில் 'வாங்க' கிடையாது, 'போங்க' கிடையாது. பதினோரு வருடத்தில் ஒருவர்கூட அவரை வாங்க என்று கூப்பிடவில்லை என்பது, அவர் ஊருக்குத் திரும்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கிச்சனில் நான் அவரை அவன் என்றுதான் சொல்வேன். இங்கே அவர் என்று எழுதுகிறேன். அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை.

என்னை அவர் மாஸ்டர் என்பார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அதுதான் என் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் மரியாதையாகத் தோன் என்று சேர்த்துச் சொல்வார்கள். அதனால் அந்தத் தெருவில் நான் தோன் மாஸ்டர்.

முதல் தடவை போனது இரண்டு வருடத்துக்கு முன்னால். எனக்குக் கிரீன் கார்டு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் போனில் விடாமல் கூப்பிட்டார். "மாஸ்டர், நீ வா. நாலு நாள். நான் தோசை போடறேன், நீ சும்மா உக்காரு." நான்கு நாள் இருந்தேன். அப்போது அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் தோள் உயரம் எழும்பியிருந்தது.

அந்த நான்கு நாட்களில் ஒரு நாள் பக்கத்துத் தெருவில் ஒரு விசேஷம். அங்கே வீட்டுக்கு ஓடு வேய்ந்து முடித்ததும் ஒரு விழா எடுக்கிறார்கள். நம் கிரகப்பிரவேசம் மாதிரி, ஆனால் எல்லாம் கூரைமேல் நடக்கிறது. அந்த வீட்டுக்கென்று ஒரு ஞானத்தகப்பனைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்ரீனோ என்பார்கள். அவர் ஏணி வைத்து ஏறி, கூரையின் உச்சியில் ஒரு சிலுவையை நட்டுவிட்டு, அங்கிருந்தே கீழே நிற்கும் பிள்ளைகளுக்கு இரண்டு கையாலும் மிட்டாயை வாரி இறைப்பார். அன்றிலிருந்து அவர் அந்த வீட்டு மனிதர். நல்லது கெட்டது எதற்கும் அவர் இல்லாமல் நடக்காது. நம் ஊர்த் தாய்மாமனுக்கு இருக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விழா முடிந்து திரும்பியதும் என் நண்பர் சிமென்ட் மூட்டை வந்ததா என்று பார்க்கப் போய்விட்டார். அவருடைய மனைவி என்னைப் பாதிச் சுவருக்குள் கூட்டிக்கொண்டு போனார். மேலே, கூரை வரப்போகிற வெற்று ஆகாயத்தைக் கையால் காட்டினார். எனக்குக் கிச்சன் ஸ்பானிஷ் தெரியும். அதற்காக மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். எங்கள் வீட்டுக்கு நீங்கள் பத்ரீனோவாக இருப்பீர்களா?

எனக்கு அவ்வளவு சந்தோஷம். தலையாட்டினேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "த்ரான்கீலோ" என்று சொல்லி என் கையைத் தட்டிக் கொடுத்தார். கவலை வேண்டாம், நிதானமாக இருங்கள் என்று அதற்குப் பொருள். ஏணி ஏறப் பயப்படாதீர்கள் என்று சொல்கிறார் என எடுத்துக்கொண்டேன்.

அது எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்ல வேண்டும். என் தங்கைக்கு ஒரே பெண். தாய்மாமன் நான் ஒருவன்தான். அந்தப் பெண்ணின் சடங்குக்கும் நான் போகவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை. கிரீன் கார்டு வராமல் வெளியே போனால் திரும்ப வருவதில் சிக்கல் ஆகலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இரண்டு தடவையும் பெரியப்பா மகன் ஒருவர் என் இடத்தில் நின்றார். மாலை போட்டு, பட்டு வேட்டி கட்டி, நன்றாகவே நின்றார். நான் ஹோட்டல் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து போனில் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கேயாவது, யாருக்காவது, அப்படி ஒரு இடத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எடிசனுக்குத் திரும்பி வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். "நல்லா இருக்கே. இங்க உள்ள லைட் பல்பை மாத்த ஸ்டூல்ல ஏறச் சொன்னா தல சுத்துதும்பீங்க. அங்க போயி கூரையில ஏறப் போறீங்களாக்கும்." சொல்லிவிட்டு, பல்பு மாற்றும் வேலையை அன்றிலிருந்து எனக்கே கொடுத்துவிட்டாள். பழகிக்கொள்ளுங்கள் என்றாள்.

அதன்பின் நண்பரின் போன் குறைந்துகொண்டே வந்தது. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை பேசினார், பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. பேசினாலும், "நல்லா இருக்கியா மாஸ்டர், மாவு புளிக்குதா" என்று இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுவார். வீட்டு வேலை, அவர் புதிதாக ஆரம்பித்திருந்த சாப்பாட்டுக் கடை என்று எத்தனையோ இருக்கும், நாம் ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இந்த வருடம் திடீரென்று கூப்பிட்டார். "ஓடு முடிஞ்சுது மாஸ்டர். சனிக்கிழமை விசேஷம். வரியா?"

வருகிறேன் என்றேன். பத்ரீனோவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நானாக அதைச் சொன்னால் பெருமை அடித்துக்கொள்வது போல இருக்கும் என்று நினைத்தேன்.

போவதற்கு முன் ஓக் ட்ரீ ரோடு கடைகளில் மிட்டாய் வாங்கினேன். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, தேன் மிட்டாய். தேன் மிட்டாயை மேலிருந்து எறிந்தால் கீழே ஒட்டிக்கொள்ளுமே என்று ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றினேன். மனைவியும் உட்கார்ந்து சுற்றினாள். மகள் பார்த்துவிட்டு, "ஆர் யூ டூ கெட்டிங் மேரீட் அகெய்ன்?" என்று கேட்டாள். பெட்டியில் என் துணிமணியைவிட மிட்டாய்தான் அதிகம்.

நெவார்க்கில் ஏறி, இடையில் ஒரு விமானம் மாறி, குவாயாகில் என்ற ஊரில் இறங்கினேன். கடற்கரை ஊர், நம் ஊர் போலவே புழுக்கம். அங்கிருந்து வேனில் நான்கு மணி நேரம் மலை ஏற வேண்டும். பாதி வழியிலேயே மூடுபனி வந்து, ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை மதியம் குவெங்காவில் இறங்கியபோது நண்பர் நின்றுகொண்டிருந்தார். கட்டிப்பிடித்தார். ஆனால் பழைய இறுக்கம் அதில் இல்லை. பயணக் களைப்பில் எனக்கு அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு முடிந்திருந்தது. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு. நான் பெட்டியைத் திறந்து மிட்டாய்ப் பைகளை மேஜைமேல் அடுக்கினேன். அவருடைய மனைவி ஒவ்வொரு பையாக எண்ணி, கண்ணை அகல விரித்து, "இவ்வளவுமா?" என்றார். "பிள்ளைகளுக்கு" என்றேன். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கா என்று கேட்டுச் சிரித்தார். பதினாலு வயது மகள் ஒரு தேன் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள். பைகள் சமையலறை அலமாரிக்குப் போய்விட்டன. சனிக்கிழமை எடுத்துத் தருவார்கள் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் ஊருக்குத் தெற்கே இருக்கும் குன்றுக்குப் போனோம். அங்கே பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு பெரிய ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள். பெல்ட் போட்டு உட்கார வைத்துத் தள்ளிவிட்டால், காலுக்குக் கீழே தரை இருக்காது. குவெங்கா முழுவதும் தெரியும், ஓட்டுக் கூரைகள், பெரிய மாதா கோயிலின் நீலக் குவிமாடங்கள் எல்லாம். முதல் தடவை வந்தபோது அதைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. இந்தத் தடவை, நாளைக்குக் கூரை ஏறப்போகிறவன் இதற்குப் பயந்தால் எப்படி என்று, நானே போய் டிக்கெட் எடுத்தேன்.

"மாஸ்டர்! நீயா?" என்றார் நண்பர். அன்று முதன்முதலாக அவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்தது.

ஹெல்மெட் மாட்டி, இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டை இறுக்கினாள் ஊஞ்சலைப் பார்த்துக்கொள்ளும் பெண். குனிந்து என் முகத்தைப் பார்த்து, "லிஸ்தோ?" என்று கேட்டாள். ரெடியா என்று அர்த்தம். தலையாட்டினேன்.

அவள் பெல்ட்டை அவிழ்த்துவிட்டாள்.

எனக்குப் புரியவில்லை. மறுபடியும் கையைக் காட்டி, மாட்டும்படி சொன்னேன். மாட்டினாள். இந்தத் தடவை ஒரு குழந்தையிடம் கேட்பது போல ஒவ்வொரு விரலாக நீட்டிக் கேட்டாள். "சி? ஓ நோ?" ஆமாவா, இல்லையா. நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டு தோளுக்கும் மாற்றி மாற்றித் தலையைச் சாய்த்து ஆட்டினேன். அவள் மறுபடியும் அவிழ்த்துவிட்டு, என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

நண்பர் கம்பித் தடுப்பைத் தாண்டி ஓடி வந்தார். சிரித்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம் ஸ்பானிஷில் சொன்னார். "அது நோ இல்லைம்மா. சி! அவங்க ஊர்ல அப்படி ஆட்டினா சி!" பிறகு மனைவி பக்கம் திரும்பி, அமெரிக்காவில் அவருக்கு நடந்த கதையை அவிழ்த்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் முதலாளியிடம் ஒரு நாள் லீவு கேட்டாராம். முதலாளி தலையை இப்படிச் சாய்த்து ஆட்டினாராம். லீவு இல்லை என்று நினைத்து மறுநாள் வேலைக்குப் போய் நின்றாராம். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பெண் பெல்ட்டைப் போட்டு என்னைத் தள்ளிவிட்டாள்.

குவெங்கா மொத்தமும் எனக்குக் கீழே சாய்ந்து, திரும்ப நிமிர்ந்தது. ஊஞ்சல் பின்னால் வந்தபோது நண்பர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை, கையால் வாயைப் பொத்தியிருந்தார். ஊஞ்சல் மறுபடியும் பள்ளத்தாக்குக்கு மேலே போனது. திரும்பி வந்தபோது அவர் கணவரின் சட்டையைப் பிடித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை வந்தபோது நண்பர் முகத்திலும் சிரிப்பு இல்லை. நான்காவது தடவை இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த உயரத்தில், அவ்வளவு அழகான ஊருக்கு மேலே பறந்துகொண்டு, நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஊஞ்சல் நின்றதும் டாக்சி பிடித்துத் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் நண்பர் கேட்டார்.

"மாஸ்டர். ரெண்டு வருஷம் முன்னாடி. இவ உன்கிட்ட பத்ரீனோ கேட்டா. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன்."

"வாயாலயா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். "தலையால."

அவர் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். "ஐயோ மாஸ்டர்" என்றார். கிச்சனில் ஒரு சட்டி மாவு கொட்டிப்போனால் சொல்கிற அதே ஐயோ.

அவருடைய மனைவி சமையலறைக்குள் ஓடி அலமாரியைத் திறந்தார். மிட்டாய்ப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது அதுக்குத்தானா?" என்று கேட்டார். நான் தலையாட்டப் போய், நிறுத்திக்கொண்டு, "சி" என்றேன். அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

அவர் கணவரிடம் அன்றே சொல்லியிருக்கிறார், தோன் மாஸ்டர் முடியாது என்றுவிட்டார் என்று. எப்படிச் சொன்னார் என்று கணவர் கேட்கவில்லை. மனைவியும் விவரிக்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். பதினோரு வருடம் எங்கள் தலைகளைப் பார்த்தவர். பிறகு மனைவியின் சித்தப்பா மகன், ஊருக்குள் பஸ் ஓட்டுகிறவர், அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் சரி என்று சொல்லி ஒரு வருடம் ஆகிறது.

அந்த பஸ் டிரைவர் அப்போது எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தார். ஏணிமேல் நின்று, கூரை உச்சியில் சிலுவை நிற்கப்போகிற குழிக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். சிலுவை கீழே சுவரில் சாய்ந்திருந்தது. இரும்புச் சிலுவை. அதில் ஒரு சேவலும் ஒரு சின்ன ஏணியும் வெட்டிப் பற்றவைத்திருந்தார்கள். பச்சைப் பெயின்ட் அவரே அடித்தாராம், முதல் இரண்டு தடவை நிறம் சரியாக வரவில்லை என்று சுரண்டிவிட்டு மூன்றாவது தடவை அடித்தாராம். விரல் நகங்களில் பச்சை ஒட்டியிருந்தது. இறங்கி வந்து எனக்குக் கை கொடுத்தார். நாளைக்குப் போடும் சட்டையை அவர் மனைவி ஹேங்கரோடு கொண்டுவந்து காரில் தொங்கவிட்டிருந்தார்.

அவர் போன பிறகு நண்பரின் மனைவி என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நண்பர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இவ சொல்றா. தப்பு என்னோடது. இப்ப கேக்கறேன், தோன் மாஸ்டர் வாயால சொல்லணும். உனக்கு வேணுமா? வேணும்னா அண்ணன்கிட்ட நான் பேசறேன். அவன் நல்லவன். கோவப்பட மாட்டான். நாளைக்கு நீ ஏறு."

வாழ்நாளில் என்னிடம் யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு வேண்டியது கிடைக்கும்.

"நோ" என்றேன்.

அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "தலையையும் ஆட்டிக் காட்டச் சொல்றா" என்றார் நண்பர். ஆட்டிக் காட்டினேன். "இப்ப சி-க்கு ஆட்டு." ஆட்டினேன். "திரும்ப நோ." ஆட்டினேன். பதினாலு வயது மகள் என் இரண்டு பக்கமும் வந்து உற்றுப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொன்னாள். அவளுடைய தம்பி கண்ணாடி முன்னால் நின்று பழக ஆரம்பித்தான். அதற்குமேல் யாராலும் அழுதுகொண்டிருக்க முடியவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு விழா. வெயில் சுள்ளென்று இருந்தது. முற்றத்தில் ஒரு முழுப் பன்றியைச் சுட்டு நிறுத்தியிருந்தார்கள். பெரிய பாத்திரத்தில் வெள்ளைச் சோளம் வெந்தது. நான் விடியற்காலையிலேயே எழுந்து, நண்பரின் கடையிலிருந்து கல்லைக் கொண்டுவந்து அவரும் நானும் தோசை ஊற்றினோம். பாதிரியார் மூன்று தோசை சாப்பிட்டார். பிறகு பஸ் டிரைவர் புதுச் சட்டையில், சிலுவையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏணி ஏறினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். உச்சியில் ஓர் ஓடு அவர் காலடியில் சறுக்கியது. கூட்டம் ஓவென்றது. அவர் சமாளித்து நின்று, சிலுவையைக் குழியில் இறக்கி, சிமென்ட்டைப் பூசினார். பட்டாசு வெடித்தார்கள். அவர் தோளில் தொங்கிய பையிலிருந்து மிட்டாயை வாரி எறிந்தார். பாதி அந்த ஊர் மிட்டாய், பாதி நான் கொண்டுபோனது. பிள்ளைகள் காலுக்கடியில் புகுந்து பொறுக்கினார்கள்.

நான் கல்லுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றிருந்தேன். எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். அவர் ஏறிய ஒவ்வொரு படியையும் நான் எண்ணினேன்.

நண்பர் வந்து பக்கத்தில் நின்றார். அவரும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாஸ்டர் நோ சொன்ன?"

"அவர் பெயின்ட் அடிச்சிட்டாரே."

"பெயின்ட்!" என்றார். "பெயின்ட்டுக்காகவா?"

நான் கல்லில் ஒரு கரண்டி மாவை ஊற்றினேன். என் தங்கை வீட்டு விசேஷத்தில் என் இடத்தில் நின்றவரை, கடைசி நேரத்தில் நான் போய் இறங்கி நகர்ந்து நில் என்று சொல்லியிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று முதல் நாள் மாலை முழுவதும் யோசித்தேன். அது உண்மை. ஆனால் அந்த அம்மா கேட்டதும் நோ என்ற வார்த்தை அந்த யோசனைக்கெல்லாம் முன்னாலேயே வந்துவிட்டது. யாராவது ஏதாவது கொடுத்தால் முதலில் வேண்டாம் என்று சொல்லியே பழகிய வாய். அது நல்ல மனதினால் வந்ததா, கூச்சத்தினால் வந்ததா என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம்.

நண்பர் சொன்னார். "மாஸ்டர், நான் ரெண்டு வருஷம் கோவமா இருந்தேன். உனக்குத் தெரியாது. போன் எடுப்பேன், பேச்சு வராது."

"என்மேல எதுக்குக் கோவம்?"

"நான் பாத்திரம் கழுவினவன். நீ மாஸ்டர். அதான் நீ நோ சொன்னேன்னு நினைச்சேன்."

கரண்டியைக் கல்மேலேயே வைத்துவிட்டேன். நான் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதால் நஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று ஐம்பது வருடமாக நினைத்திருந்தேன். கூட்டத்தில் பேசாவிட்டால் யாருக்கு என்ன, கடைசி வரிசையில் உட்கார்ந்தால் யாருக்கு என்ன. இங்கே ஒரு மனிதர், தன்னை நான் கீழாக நினைத்தேன் என்று இரண்டு வருடம் மனதில் வைத்துக்கொண்டு ஓடு ஓடாக வீட்டை வேய்ந்திருக்கிறார். அப்படியும் என்னை விசேஷத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

வாயால் சொன்னேன். தமிழிலேயே சொன்னேன். "நான் அன்னைக்கு சரின்னுதான் சொன்னேன். ரொம்ப சந்தோஷமா சொன்னேன். எங்க வீட்டம்மா ரெண்டு வருஷமா என்னை ஸ்டூல்ல ஏத்தி பல்பு மாட்டப் பழக்கினா. உங்க வீட்டுக் கூரையில ஏறணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. என்னைக் கேட்டதே எனக்குப் பெருமை. நீங்க அதை நம்பணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க?" என்றார். அந்த வார்த்தை அவருக்குத் தெரியும், தோசை வாங்க வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் வார்த்தை. தனக்கு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"ஆமா. நீங்க."

"அது கஸ்டமருக்கு, மாஸ்டர்" என்றார். கல்லில் இருந்த தோசை கருகும் வாசனை வந்தது. "கருகுது பாரு" என்று அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு அதை அவரே திருப்பிப்போட்டார்.

மாலைவரை பேண்டு வாசித்தார்கள். பஸ் டிரைவர் என்னைத் தேடி வந்து கைபிடித்து ஆட இழுத்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் ஆடினேன் என்று சொல்ல முடியாது, நடந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி வேனில் குவாயாகில் போனேன். மலையில் மூடுபனி இருந்ததால் வேன் அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.